மாமனாரின் மணிவிழா விருந்துக்கு ஃபுல்லர்ட்டன் ஜேட் உணவகம் சரிப்படுமா?

சிங்கப்பூரில் இருக்கும் ஒரு தங்கையின் கேள்வி இது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்தை முடித்துக்கொண்டு மாமனாரும் மாமியாரும் இங்கே வருகிறார்கள். அவர்களை ஃபுல்லர்ட்டன் ஹோட்டலில் உள்ள ஜேட் என்ற கான்டனீஸ் (தென்சீனப் பாணி) உணவகத்துக்கு அழைத்துப் போகக் கணவருக்கு ஆசை. மொத்தம் ஆறு பேர். மாமியார் சைவம். மாமனார் மீன், கோழி, வாத்து சாப்பிடுவார். மாடும் பன்றியும் தொடமாட்டார். "உறைப்பே இல்லாத சாப்பாட்டுக்கு இவ்வளவு பணமா? கட்டடத்துக்குத்தான் காசா? போனால் என்ன சொல்லி வாங்குவது?" என்று தங்கை கேட்டிருக்கிறார்.

விருந்து ஏற்பாடு செய்வதே என் பிழைப்பு. சீன உணவகச் சமையலறைகளோடு பேசிப் பேசித்தான் என் நாள் ஓடுகிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

போங்கள். ஆனால் இரவில் வேண்டாம், மதியம் போங்கள். மெனுவில் பளபளவென்று தெரியும் புதுமைகளை ஓரமாக வைத்துவிட்டு, எளிமையாகத் தெரிபவற்றை வாங்குங்கள். மாமியாரின் சாப்பாட்டை மேசையில் உட்கார்ந்த பிறகு பேசாமல், முன்பதிவு செய்யும்போதே பேசி முடித்துவிடுங்கள். மீதி எல்லாம் இந்த மூன்றுக்குள் அடக்கம்.

கட்டடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மாமனாருக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன். ஃபுல்லர்ட்டன் கட்டடம் 1928இல் திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பு அதே இடத்தில், ஆற்றின் முகத்துவாரத்தைக் காக்க ஒரு கோட்டை இருந்தது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் முதல் ஆளுநர் ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். இங்கே வருவதற்கு முன் அவர் சென்னையில் கும்பெனி நிர்வாகத்தில் இருந்தவர். பெரிய தூண்களோடு இப்போது நாம் பார்க்கும் கட்டடத்தை வடிவமைத்தது கீஸ் அண்ட் டவுட்ஸ்வெல் நிறுவனம். கீழ்த்தளங்களில் தலைமை அஞ்சல் நிலையம், மேலே வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் சிங்கப்பூர் கிளப். கடிதமூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகக் கட்டடத்துக்கு அடியிலிருந்து படகுத்துறைக்கு ஒரு சுரங்கப்பாதையே இருந்தது. ஊரின் தூரங்களை அளக்கும் தொடக்கப் புள்ளியாகவும் இந்த அஞ்சல் நிலையத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நெருங்கியபோது கட்டடத்தின் ஒரு பகுதி தற்காலிக மருத்துவமனையாக மாறியது. ஆளுநர் ஷென்டன் தாமஸ் தஞ்சம் புகுந்ததும் இங்கேதான். போருக்குப் பிறகு வரி அலுவலகமும் மற்ற அரசு அலுவலகங்களும் வந்தன. வெளியே உள்ள ஃபுல்லர்ட்டன் சதுக்கத்தில் லீ குவான் இயூ மதிய உணவு நேரத் தேர்தல் கூட்டங்களில் பேசியிருக்கிறார். அஞ்சல் நிலையம் 1996இல் வெளியேறியது. பழுதுபார்த்துப் புதுப்பித்து, 2001 ஜனவரி 1 அன்று ஹோட்டலாகத் திறந்தார்கள். 2015இல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. ஹோட்டலுக்குள்ளேயே பழைய படங்களும் அஞ்சல் தலைகளும் வைத்த ஒரு சிறிய காட்சிக்கூடம் இருக்கிறது. சாப்பிடப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே போய் அதை நிதானமாகப் பாருங்கள். இங்கிருந்து கொஞ்சம் நடந்தால் மார்க்கெட் தெரு. வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்த தெரு அது. காரைக்குடிப் பக்கத்துக்குப் போன கடிதங்கள் எத்தனை இந்த அஞ்சல் நிலையத்தைத் தாண்டிப் போயிருக்கும் என்று எண்ணாமல் என்னால் அந்தப் படிகளில் ஏற முடிவதில்லை.

சரி, கட்டடத்துக்குத்தான் காசா? ஓரளவு ஆமாம். நினைவுச்சின்னத்தில் இருக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் வாடகை, பணியாளர், மேசை விரிப்பு எல்லாமே விலையில் சேர்ந்துதான் வரும். ஆனால் புத்தம்புதுக் கண்ணாடிக் கோபுரங்களில் இருக்கும் இதே தரத்துக் கான்டனீஸ் உணவகங்களும் விலையில் பெரிதாகக் குறைவதில்லை. செலவு உண்மையில் போகிற இடம் வேறு. நம் நாக்கு முதல் தடவையில் அதைக் கண்டுபிடிக்காது. அதனால்தான் "ஒண்ணுமே போடலையே, இதுக்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றுகிறது.

முதலாவது, சாறு. நல்ல கான்டனீஸ் சமையலறையில் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்திலெல்லாம் இந்தச் சாறுதான் போகும். முற்றிய கோழி, பன்றியின் கொழுப்பற்ற இறைச்சி, எலும்பு, ஜின்ஹுவா என்ற உலர்த்திய பன்றித்தொடை எல்லாவற்றையும் போட்டுப் பல மணி நேரம் சிறு தீயில் வைத்து எடுப்பார்கள். பிறகு தெளியவைப்பார்கள். கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக, இளம் பொன் நிறத்தில் இருக்கும். ஒரு கரண்டி குடித்தால் முதலில் உப்பு மட்டும்தான் தெரியும். விழுங்கிய பிறகு ருசி எழுந்து வந்து வெகுநேரம் வாயில் தங்கும். அடுப்பு எரிந்த நேரமும் கரைந்த இறைச்சியும் கண்ணுக்குத் தெரியாது, பில்லில் தெரியும்.

இரண்டாவது, கைவேலை. மதியத்தில் மட்டும் கிடைக்கும் டிம் சம் பலகாரங்களில் ஹார் காவ் என்ற இறால் கொழுக்கட்டையை வைத்தே ஒரு சமையலறையை எடைபோட்டுவிடலாம். நம் வீட்டில் பிள்ளையார் சதுர்த்திக்குச் சொப்பு செய்து பழகியவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். கோதுமையின் மாச்சத்தும் மரவள்ளி மாவும் கலந்து, கொதிநீர் ஊற்றிப் பிசைந்த மாவு. அகலமான மழுங்கிய கத்தியின் பக்கவாட்டால் ஒரே அழுத்தில் வட்டமாகத் தேய்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகக் கொசுவி மூடுவார்கள். வெந்து வந்ததும் மேல்தோல் கண்ணாடி போல இருக்க வேண்டும், உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். குச்சியால் தூக்கும்போது தோல் கிழியக் கூடாது, அடியில் தாளோடு ஒட்டிக்கொண்டு வரவும் கூடாது. கடித்தால் இறால் மொறுக்கென்று உடைய வேண்டும். மேசைக்கு வந்து சில நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் தோல் இறுகிவிடும். படம் எடுப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொண்டு சூட்டோடு சாப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மீன். மாமனாருக்கு நீங்கள் வாங்கித் தரக்கூடியவற்றில் இதைவிட மேலான ஒன்று அங்கே கிடையாது. தொட்டியில் உயிரோடு இருக்கும் களவா வகை மீனையோ, சூன் ஹாக் என்று இந்த ஊரில் சொல்லும் நன்னீர் மீனையோ கேளுங்கள். பிடித்துச் சுத்தம் செய்து, தளதளவென்று கொதிக்கும் நீராவியில் முழுசாக வைப்பார்கள். முக்கால் கிலோ மீனுக்கு எட்டு நிமிடம், சற்று முன்பின். தட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள், கவிச்சி அதோடு போய்விடும். மேலே மெலிதாக அரிந்த வெங்காயத்தாளும் இஞ்சியும் போட்டு, புகை வரும் எண்ணெயைச் சுரீரென்று ஊற்றி, கடைசியில் இனிப்புச் சாயல் உள்ள சோயா நீரை ஓரமாக விடுவார்கள். அவ்வளவுதான். மசாலா இல்லை, புளி இல்லை. அதனாலேயே மீன் ஒரு நாள் பழையதாக இருந்தாலும் மறைக்க முடியாது.

இதில் ஒன்றை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவையுங்கள். நடுமுள்ளை ஒட்டிய சதை லேசாக ஒட்டிக்கொண்டு, மெல்லிய இளஞ்சிவப்போடு இருக்கும். நம்மவர்கள் அதைப் பார்த்ததும் வேகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதுதான் அவர்களுடைய பதம். அதற்கு மேல் ஒரு நிமிடம் விட்டால் சதை வறண்டுவிடும். பணியாளரே முள் எடுத்துப் பரிமாறுவார். கன்னத்துச் சதையை வீட்டில் பெரியவருக்கு வைப்பது அவர்கள் வழக்கம். இன்றைக்கு அறுபது நிறைந்தவர் இவர் என்று காட்டுங்கள், அவருக்கே வைப்பார்கள். ஒரு பக்கம் தீர்ந்ததும் மீனைப் புரட்டாதீர்கள். படகு கவிழும் என்று கரையோரச் சீனர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது.

மிளகாய் கேட்டால் தருவார்கள். நறுக்கிய மிளகாயைச் சோயாவில் போட்டும் தருவார்கள், சம்பாலாகவும் தருவார்கள். மாமனார் அதை நூடுல்ஸோடு தாராளமாகச் சேர்த்துக்கொள்ளட்டும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மீனோடு மட்டும் முதல் இரண்டு வாய் அப்படியே சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியாவது கேளுங்கள்.

இனி மாமியார். இந்தப் பதிலில் நான் அதிகம் கவலைப்பட்டு எழுதும் பகுதி இதுதான். ஏனென்றால் கான்டனீஸ் சமையலில் பார்த்தால் சைவமாகத் தெரிகிற பாதி சைவமில்லை. மேலே சொன்ன சாறுதான் காரணம். மெனுவில் கீரைகள் என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கீரையையும் பல சமயம் அந்தச் சாற்றில்தான் வேகவைக்கிறார்கள். கைலான் கீரையின் மேல் ஊற்றும் பழுப்புச் சாறு சிப்பிச் சாஸ். குவாங்டாங்கில் லீ கும் ஷியுங் என்பவர் 1888இல் அதைச் செய்து விற்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். இன்று அது இல்லாத கான்டனீஸ் அடுப்பே கிடையாது. கோழித் தூள் எதில் வேண்டுமானாலும் விழும். முள்ளங்கிக் கேக் என்று வரும் வெள்ளைத் துண்டுக்குள் சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் இருக்கும். அடுக்கடுக்காக உதிரும் பலகாரங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் பழைய வழக்கம். எக்ஸ்ஓ சாஸ் என்று ஒன்று வரும், 1980களில் ஹாங்காங்கில் பிறந்தது, மிளகாயும் எண்ணெயுமாக நம் கண்ணுக்குத் தொக்கு மாதிரி தெரியும். அதில் உலர்ந்த சிப்பிச் சதை, உலர்ந்த இறால், பன்றித்தொடை மூன்றும் உண்டு. பெயரில்தான் பிராந்தி, உள்ளே அது கிடையாது. ஆனால் வேறு பதார்த்தங்களில் ஷாவ்ஷிங் அரிசி மது ஒரு கரண்டியாவது விடுவார்கள். அதுவும் வேண்டாம் என்றால் சொல்லியே ஆக வேண்டும்.

"வெஜிடேரியன்" என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் இறைச்சித் துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிற சமையலறைகளும் உண்டு. முன்பதிவின்போது இப்படிச் சொல்லுங்கள்: நோ மீட், நோ சீஃபுட், நோ ஆய்ஸ்டர் சாஸ், நோ சிக்கன் ஸ்டாக், நோ சிக்கன் பவுடர், நோ லார்ட் (பன்றிக்கொழுப்பு), நோ வைன். முட்டை சேர்ப்பாரா மாட்டாரா என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். அதை எழுதிக்கொள்ளச் சொல்லி, அன்று உட்கார்ந்ததும் இன்னொரு தடவை மேலாளரிடம் நினைவூட்டுங்கள். அவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. சீன நாட்காட்டி மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் இருக்கும் சீனர்கள் ஏராளம். பௌத்தர்களுக்குச் செய்யும் சைவத்தில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். அன்று மாமியார் வெங்காயம் பூண்டு தவிர்க்கிற நாளாக இருந்தால், "புத்திஸ்ட் வெஜிடேரியன்" என்று கேட்டாலே அந்தச் சங்கடமும் தீர்ந்துவிடும். மாட்டிறைச்சி வேண்டாம் என்பதும் அவர்களுக்கு நன்றாகப் புரியும். கருணைத் தெய்வமான குவான் யின் தாயை வணங்குகிற பல சீனக் குடும்பங்களில் மாடு சாப்பிடுவதில்லை.

அவருக்கு வாங்கக் கூடியவை கொஞ்சநஞ்சம் அல்ல. காளானும் கேரட்டும் வைத்த கண்ணாடிக் கொழுக்கட்டை கேளுங்கள். லோ ஹோன் சாய் என்ற கூட்டு மாதிரியான பதார்த்தம் நல்ல சமையலறையில் அருமையாக இருக்கும். மரக்காளான், உலர்ந்த லில்லி மொட்டு, கிங்கோ கொட்டை, சோயாப்பால் ஏடு, கண்ணாடி சேமியா எல்லாம் தனித்தனிப் பதத்தில் வெந்து ஒன்றாகச் சேரும். காளானோடு வதக்கிய டோஃபு, இஞ்சி போட்ட கீரை, முட்டையில்லாத வறுத்த சோறு என்று மீதியை நிரப்பிவிடலாம். சூப் மட்டும் முதல் நாளே சொல்ல வேண்டும். மூடிய கிண்ணத்தை வெந்நீரில் வைத்து மணிக்கணக்கில் செய்கிற சூப்பைக் கேட்ட நிமிடத்தில் சைவமாக்கித் தர முடியாது. கோழி போலவும் மீன் போலவும் செய்த போலி இறைச்சிப் பதார்த்தங்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செதிள் வரைந்த சோயா மீனைத் தட்டில் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்து சைவமாக இருந்த ஒரு பெரியவர் அதன்பின் எதையுமே வாயில் வைக்காமல் எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தகைய உணவகங்களில் சைவத்துக்குத் தனி வாணலியும் தனி ஆவிக்கூடையும் பொதுவாக இருக்காது. கழுவிவிட்டுச் செய்வார்கள். எதிரே முழு மீனும் வாத்தும் வரும். மாமியாருக்கு அது ஒப்புமா என்பதை நீங்களே முடிவு செய்யாதீர்கள், கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒப்பாது என்றால் ஜேட் வேண்டாம். ஒரு முழுச் சைவச் சீன உணவகத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டு, ஃபுல்லர்ட்டனில் மாலைத் தேநீர் மட்டும் குடித்துக் கட்டடத்தைச் சுற்றிப் பாருங்கள். அறுபது வயது நிறைவில் கூடவே வந்தவர் பட்டினியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விருந்து வேண்டவே வேண்டாம்.

மாமனாருக்குப் பன்றி மறைந்திருக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சியூ மாய் என்ற வாய் திறந்த கொழுக்கட்டையின் பூரணம் பெரும்பாலும் பன்றி. சார் சியூ என்று தொடங்குவதெல்லாம் பன்றி. ஹார் காவில்கூட இறாலுக்கு ஈரம் கொடுக்கப் பன்றிக்கொழுப்பைப் பொடியாக நறுக்கிச் சேர்ப்பது பழைய முறை. சில சமையலறைகளில் அதை விட்டுவிட்டார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சாற்றில் பன்றி உண்டு என்று மேலேயே சொன்னேன். துண்டாகச் சாப்பிடாமல் இருந்தால் போதுமா, சாறும் ஆகாதா என்று அவரிடம் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். சாறும் ஆகாது என்றால் ஆவியில் வைத்த மீன்தான் அவருக்கு நிம்மதியான வழி. வாத்து கேட்டால், ஆறு பேருக்குப் பாதி வாத்து போதும். அதையும் பன்றியையும் ஒரே அடுப்பில் தொங்கவிடும் சமையலறைகள் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவீனம் என்ற பெயரில் வருபவற்றைப் பற்றி என் கருத்து இது. சிங்கப்பூரில் கான்டனீஸ் சமையல் ஒருபோதும் அப்படியே நின்றதில்லை. 1960களில் சின் லியோங், ஹூய் கொக் வாய், தாம் யூய் காய், லாவ் யோக் புய் என்ற நான்கு சமையற்கலைஞர்கள், இன்று சீனப் புத்தாண்டில் எல்லாரும் குச்சியால் தூக்கிப் போட்டுக் கலக்கும் யூ ஷெங் பச்சை மீன் கலவையை இப்போதிருக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு அதுதான் புதுமை. ஆகவே புதுமை என்றாலே ஒதுக்க வேண்டியதில்லை. வசாபி மயோனைஸ் பூசிய வறுத்த இறால் இந்த ஊருக்கே உரிய பதார்த்தமாகிவிட்டது, குழந்தைகள் இருந்தால் அதில் ஒரு தட்டு நிச்சயம் வாங்குங்கள். ஆனால் கொழுக்கட்டை மேல் ட்ரஃபிள் என்ற காளானின் வாசனை எண்ணெய் ஊற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாசனை வந்தால் இறால் காணாமல் போய்விடும். பொன்தாள் ஒட்டியது, வாத்துக் கல்லீரல் வைத்தது, புகைக்கூண்டு மூடி வந்தது, இவற்றுக்கான பணத்தை மீனில் போடுங்கள்.

ஆளுக்கொரு தட்டில் அழகாக வைத்துத் தருவது இப்போது இத்தகைய இடங்களின் பாணி. சூப்புக்கு அது சரி. மற்றவற்றை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும்படி கேளுங்கள். குடும்ப விருந்துக்கு அதுதான் களை. அவரவருக்குப் பிடித்ததை அவரவர் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாததைத் தொடாமலும் விடலாம். மாமியாரின் தட்டுகள் மட்டும் அவர் முன்னாலேயே தனியாக இருக்கட்டும். சுழலும் மேசையில் வைத்தால் யாராவது ஒருவர் மீன் எடுத்த கரண்டியையே அதில் போட்டுவிடுவார்.

வரிசை நம் பந்திக்கு நேர் எதிர். சிறு தட்டுகள், சூப், மீன், கோழி அல்லது வாத்து, கீரை என்று வந்து, சோறோ நூடுல்ஸோ கடைசியில்தான் வரும். "சாதம் எப்ப வரும்?" என்று பெரியவர்கள் காத்திருந்து, வந்தபோது வயிறு நிறைந்திருக்கும். வெறும் சாதம் முதலிலேயே வேண்டும் என்றால் கேளுங்கள், கொண்டுவந்து விடுவார்கள். குச்சியும் கட்டாயமில்லை, முள்கரண்டியும் கரண்டியும் தயங்காமல் கேட்கலாம். குச்சியை எடுத்தவர்கள் அதைச் சோற்றில் செங்குத்தாக நட்டு வைக்கக் கூடாது. இறந்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது போல இருக்கும், மங்கல நாளில் அது அவர்களுக்கு உறுத்தும்.

தேநீர் கேட்பார்கள். எண்ணெய்ப் பதார்த்தம் நிறைய இருந்தால் பூ ஏர், லேசாக வேண்டும் என்றால் மல்லிகை அல்லது செவ்வந்தி. பாலும் சர்க்கரையும் இல்லாமல் மாமனார் குடிப்பாரா தெரியவில்லை, செவ்வந்தியில் தொடங்கினால் பழகிவிடுவார். பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் ஊற்றிவிட்டுத் தனக்கு ஊற்றிக்கொள்வது முறை. ஊற்றும்போது இரண்டு விரலால் மேசையைத் தட்டினால் அதுவே நன்றி. கெண்டியில் வெந்நீர் தீர்ந்தால் மூடியைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும், வந்து நிரப்புவார்கள்.

பணம். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதியிருப்பது கையில் 119 வெள்ளி 90 காசாக முடியும். தனியாக டிப்ஸ் வைக்க வேண்டியதில்லை. மீனுக்கு 100 கிராமுக்கு இவ்வளவு என்றுதான் விலை இருக்கும், அல்லது பருவ விலை என்று மட்டும் இருக்கும். எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டே சரி சொல்லுங்கள். பேச்சுக்கு 100 கிராம் 15 வெள்ளி என்றால் 900 கிராம் மீன் 135, வரியெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 162. கேட்பது கௌரவக் குறைவு இல்லை, சீனர்களே கேட்டுத்தான் வாங்குவார்கள். உட்கார்ந்ததும் வரும் கடலை, ஊறுகாய், ஈரத்துண்டு இவற்றுக்குப் பல இடங்களில் கட்டணம் உண்டு. வேண்டாம் என்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று போடுவார்கள். தனி அறை கேட்டால் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள். ஆறு பேருக்கு அது தேவையில்லை, வெளியே கூடத்திலேயே உட்காருங்கள். கட்டடத்தைப் பார்க்கத்தானே போகிறீர்கள்.

மதியம் போகச் சொன்னதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். டிம் சம் மதியத்தில்தான். சின்னச் சின்னத் தட்டாக வருவதால் பெரியவர்கள் பிடித்ததை மட்டும் மறுபடி கேட்கலாம், பிடிக்காதது ஒன்றிரண்டு துண்டோடு போகும், செலவும் கையில் நிற்கும். சாப்பிட்டு முடித்ததும் வெயில் தாழ்ந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் கேவனா பாலம் வரை நடத்திக் கூட்டிப் போங்கள். 1869இல் கட்டி முடித்த இரும்புத் தொங்குபாலம். இந்தியாவிலிருந்து இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு அதில் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காதது ஒன்று. அறுபது என்று அவர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள். நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுற்று இருப்பது போலவே சீனர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று உண்டு. அதை முடித்தவரை அவர்களும் விருந்து வைத்துக் கொண்டாடுகிறார்கள். பீச் பழம் போல இளஞ்சிவப்புச் சாயம் தொட்டு, உள்ளே தாமரை விதைப் பூரணம் வைத்து ஆவியில் வேகவைத்த ஆயுள் பன்னை இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். பூரணத்தில் பன்றிக்கொழுப்பு இல்லாமல் எண்ணெயில் கிளறச் சொன்னால் மாமியாரும் மாமனாரும் சேர்ந்தே சாப்பிடலாம். கூடவே ஈ ஃபூ நூடுல்ஸ் சொல்லுங்கள். நீள ஆயுளுக்காகச் சாப்பிடுவது, அதனால் பரிமாறும்போது வெட்டக் கூடாது. அதில் முட்டை இருப்பதால் மாமியாருக்கு அரிசிச் சேமியா தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இனிப்புக்கு மாம்பழமும் பம்பளிமாஸும் ஜவ்வரிசியும் குளிரக் கலந்து வரும் கிண்ணத்தை ஆறு பேருக்கும் வாங்கிவிடுங்கள். அதில் பால் வகை இருக்கும், ஜெலட்டின் சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டால் மாமியாருக்கும் அதுவே போதும்.